வீடியோ கேமில் ஓட்டியவர் நாஸ்கார் ஓட்டுநர் ஆனாரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை ரொம்பவே யோசிக்க வைத்துவிட்டது. சேலத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "என் பையனுக்கு 13 வயது. எந்நேரமும் கம்ப்யூட்டரில் ஐரேசிங் என்கிற கார் ரேஸ் கேம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். திட்டினால், அமெரிக்காவில் வில்லியம் பைரன் என்று ஒருவர் இப்படி விளையாடித்தான் நாஸ்கார் ஓட்டுநர் ஆனார் என்கிறான். இது உண்மையா, இல்லை என் காதில் பூ சுற்றுகிறானா?"

பூ சுற்றவில்லை ஐயா, உண்மைதான். ஆனால் பையன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு வசதியான பாதியை.

பைரன் 1997-இல் நார்த் கரோலினாவில், சார்லட் நகரில் பிறந்தவர். அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான நாஸ்காரில் ஓட்டுகிற அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனால் அவர் குடும்பத்தில் ரேஸ் ஓட்டியவர்கள் யாரும் கிடையாது. அங்கே இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதிலேயே கோ-கார்ட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்கார்ந்தது கம்ப்யூட்டர் முன்னால். ஐரேசிங் சும்மா மோதி விளையாடுகிற கேம் அல்ல. நிஜமான ரேஸ் தடங்களை லேசர் வைத்து அளந்து, ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். அதில் நூறுக்கும் மேற்பட்ட ரேஸ்களை ஜெயித்துவிட்டுத்தான் 2012-இல் முதல்முறையாக நிஜக் காரில் ஏறினார்.

அந்தக் காரை நீங்கள் பார்க்க வேண்டும். லெஜண்ட்ஸ் கார் என்று பெயர். 1930, 40-களின் அமெரிக்கக் கார்களை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கி, உள்ளே யமஹா பைக் எஞ்சினை வைத்தால் எப்படி இருக்கும்? பார்க்கச் சிரிப்பு வரும், ஓட்டினால் வராது. எஞ்சினுக்கு சீல் வைத்திருப்பதால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சக்திதான். பணக்கார வீட்டுப் பையன் பெரிய எஞ்சின் போட்டுத் தப்பிக்க முடியாது. பைரன் அடுத்த ஆண்டே முப்பதுக்கும் மேற்பட்ட லெஜண்ட்ஸ் ரேஸ்களை ஜெயித்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 2014-இல், புகழ்பெற்ற நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரின் அணியில் லேட் மாடல் கார், அதாவது சின்ன ஊர்த் தடங்களில் ஓட்டுகிற ரேஸ் கார். 2015-இல் கே அண்ட் என் ஈஸ்ட் தொடர், அதாவது கிழக்குக் கரை மாநிலங்களின் பிராந்தியப் போட்டி. 17 வயதில் அதில் சாம்பியன். 2016-இல் பிக்கப் ட்ரக்குகள் ஓடுகிற நாஸ்கார் ட்ரக் தொடர், முதல் ஆண்டிலேயே 7 வெற்றி. சீசனின் கடைசி ரேஸுக்கு முந்தைய ஃபீனிக்ஸ் ரேஸில் எஞ்சின் போய்விட்டது, இல்லாவிட்டால் அந்தப் பட்டத்துக்கும் போட்டியில் இருந்திருப்பார். 2017-இல், உச்சத் தொடருக்கு ஒரு படி கீழான எக்ஸ்ஃபினிட்டி தொடரில் சாம்பியன். 2018-இல் உச்சத் தொடரான கப், ஹெண்ட்ரிக் அணி, ஜெஃப் கார்டன் ஓட்டிப் புகழ்பெற்ற 24-ஆம் எண் கார். 2024, 2025 இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற ரேஸான டேடோனா 500 ஜெயித்தார்.

சரி, கம்ப்யூட்டர் இதில் என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை? நம் வீடியோக்களை வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இப்போது நான் எங்கே வருவேன் என்று தெரிந்திருக்கும். டயர். கமெண்டில் என்னை 'டயர் சார்' என்று கூப்பிடுகிறீர்கள், பரவாயில்லை, திரும்பவும் சொல்கிறேன்.

முட்டை வடிவ ஓவல் தடத்தில் கார் இடது பக்கம் மட்டும்தானே திரும்புகிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இடது பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் எடை முழுக்க வலது பக்க டயர்கள் மேல் விழுகிறது. வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் வலது முன் டயர் தேயும். வெளியே வரும்போது அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின் டயர் சுழன்று தேயும். சின்னத் தடங்களில் பல லேட் மாடல் ரேஸ்களில் நினைத்தபோது புது டயர் மாற்ற முடியாது, இருப்பதை வைத்துத்தான் கடைசி வரை ஓட்ட வேண்டும். முதல் தேதி வந்த சம்பளத்தைப் பத்தாம் தேதிக்குள் தீர்த்துவிட்டுக் கைமாற்றுக்கு அலைகிறவர் போல, முதல் இருபது லேப்பில் பறந்தவர் கடைசி இருபது லேப்பில் தள்ளாடுவார்.

ஒருமுறை இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பார்க்கப் போயிருந்தேன். அது ஓவல் இல்லை, வலதும் இடதுமாக வளைகிற தடம். முதலிடத்தில் ஒரு பையன் தனியாகப் போய்க்கொண்டிருந்தான், கூட்டம் கத்துகிறது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர் காரைப் பார்க்கவே இல்லை, தலையைத் திருப்பிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "டயர் கத்துது சார், இவன் நிக்க மாட்டான்" என்றார். நான்கு லேப் கழித்து அந்தப் பையன் மூன்றாம் இடத்தில் இருந்தான். அந்த மெக்கானிக்கின் காது எனக்கு இன்னும் வரவில்லை.

சிமுலேட்டரிலும் டயர் தேயும். ஆனால் சீட்டுக்கு அடியில் கார் நழுவுவதை முதுகில் உணர முடியாது. வெயில் காலத்தில் காருக்குள் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும், வீட்டில் அது கிடையாது. சுவரில் மோதினால் ஒரு பட்டனை அழுத்திப் புதுக் கார் எடுத்துக்கொள்ளலாம். நிஜத்தில் சனிக்கிழமை ராத்திரி மோதினால் அடுத்த சனிக்கிழமைக்குள் ராத்திரி முழுக்க விழித்து ஆட்கள் அதைச் சரிசெய்ய வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று, வாய். ஓட்டுநர் ரேடியோவில் சொல்வதை வைத்துத்தான் அணி காரைத் திருத்துகிறது. முன்பக்கம் திரும்ப மறுத்தால் 'டைட்', பின்பக்கம் நழுவினால் 'லூஸ்'. வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா என்று தெளிவாகச் சொன்னால் அதற்கேற்ப டயர் காற்றைக் குறைப்பார்கள், ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றுவார்கள். 'கார் சரியில்லை' என்று மட்டும் சொல்கிற ஓட்டுநரை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பழகுகிற இடம்தான் அந்தச் சின்னத் தடங்கள்.

எவ்வளவு கஷ்டம் என்றால், நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். 2010-இல் நாஸ்கார் ட்ரக் தொடருக்குப் போனார். மார்ட்டின்ஸ்வில் என்கிற, ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றே அதிகமான தடத்தில் முதல் ரேஸ். 13-ஆம் இடத்தில் முடித்தார். வாரந்தோறும் அந்த மாதிரித் தடங்களிலேயே வளர்ந்தவர்கள் நடுவில் அது பெரிய விஷயம் என்பேன். அந்த ஆண்டு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்தத் தொடரின் அபிமான ஓட்டுநராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, சேலத்து ஐயாவுக்கு வருகிறேன். உங்கள் பையன் பைரனைப் பற்றிச் சொன்னான். நீங்கள் அவனிடம் ஜோஷ் பெரி யார் என்று கேளுங்கள். எனக்கு உண்மையில் அந்தக் கேள்வி வந்திருந்தால்தான் சந்தோஷம்.

பெரி டென்னசியில் வங்கி கவுண்டரில் வேலை பார்த்த பையன். அவரும் ஐரேசிங் ஓட்டினார். அதில்தான் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரோடு பழக்கம். அவருக்கும் அதே அணியில் லேட் மாடல் கார் கிடைத்தது. பைரன் 2014-இல் அங்கே வந்தபோது பெரி ஏற்கனவே அங்கே இருந்தார். பைரன் ஒரு ஆண்டு ஓட்டிவிட்டு மேலே போனார். பெரி அங்கேயே இருந்தார். பத்து ஆண்டு அளவுக்கு அதே லேட் மாடல், அதே சின்ன ஊர்த் தடங்கள். 2019-இல் மார்ட்டின்ஸ்வில்லின் பெரிய லேட் மாடல் ரேஸை ஜெயித்தார். 2020-இல் நாடு முழுக்க நடக்கிற வாராந்திரத் தொடரின் தேசிய சாம்பியன். அப்புறம்தான் 2021-இல், 30 வயதில், எக்ஸ்ஃபினிட்டியில் முதல் வெற்றி. அதுவும் அதே மார்ட்டின்ஸ்வில்லில். கப் தொடரில் முழு சீசன் கிடைத்தது 2024-இல்தான். 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில், வுட் பிரதர்ஸ் அணிக்காக, முதல் கப் வெற்றி.

பெரிக்கு வேகம் குறைவு என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை. பழைய டயரில் ஓட்டச் சொன்னால் நான் பெரி மேல்தான் பந்தயம் கட்டுவேன். பைரனுக்குப் பின்னால் வசதியான குடும்பம் இருந்தது, சின்ன வயதிலிருந்தே லிபர்ட்டி பல்கலைக்கழகம் ஸ்பான்சராக நின்றது. பைரன் திறமையில் குறை சொல்லவில்லை, காசு மட்டும் இருந்து ட்ரக்கில் 7 ரேஸ் ஜெயிக்க முடியாது. ஆனால் திறமை மட்டும் இருந்தவர் பத்து ஆண்டு காத்திருந்தார். 'கேம் விளையாடினால் ரேஸர் ஆகலாமா' என்று கேட்பதைவிட 'ரேஸர் ஆகிறவரைக்கும் யார் டயர் வாங்கித் தருவது' என்று கேட்டால், அந்த உலகத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளலாம்.

பையனை விளையாட விடுங்கள், ஐயா. பரீட்சை நேரம் தவிர. ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: பத்து லேப் ரேஸ் வேண்டாம், முழு நீள ரேஸ் ஓட்டச் சொல்லுங்கள். முடிந்ததும் கார் எந்த வளைவில், எந்த இடத்தில், எப்படி நழுவியது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குப் புரிகிற மாதிரி அவன் சொல்லட்டும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் லீவில் ஒருநாள் கோயம்புத்தூர் கூட்டிப்போய்க் கோ-கார்ட்டில் உட்கார வையுங்கள். இறங்கும்போது கையும் கழுத்தும் வலிக்கிறது என்பான். அதற்கப்புறமும் 'இன்னொரு ரவுண்டு' என்று கேட்டால் எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.