காயம்பட்ட தண்டும் காலோஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

பூசணிக் கொடியின் தண்டை என்றாவது கிள்ளியிருப்பீர்கள். கிள்ளிய இடத்தில் ஒரு சொட்டு முத்துப் போலத் திரண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் அது கூழாகிக் கெட்டிப்படும், அப்புறம் வடியாது. இலையில் உருவான சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும் சல்லடைக்குழாய்களில் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடச் சில மடங்கு அதிகம். அப்படியென்றால் ஒரு கிள்ளலில் செடியின் சத்தெல்லாம் கொட்டிப் போக வேண்டும். ஆனால் போவதில்லை. முதலில் சில புரதங்கள் குழாயை அடைக்கின்றன. அவற்றின் பின்னாலேயே வருவதுதான் காலோஸ். (சில செடிகளில் பால் வடியுமே, அது வேறு குழாய்களின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

காலோஸ் என்பது என்ன? குளுக்கோஸ் என்ற சர்க்கரையை மணிமணியாகக் கோத்த சங்கிலி, அவ்வளவுதான். மரத்துக்கும் பஞ்சுக்கும் வலு தரும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். செல்லுலோஸில் மணிகள் நேராகக் கோத்து, இழைகள் இறுக ஒட்டி நிற்கும். காலோஸில் அதே மணிகள் வேறு இடத்தில் கைகோத்திருப்பதால் சங்கிலி சுருளும், பிசின் போல இடத்தை நிரப்பும். சர்க்கரை ஒன்றுதான், கோத்த விதம்தான் வேறு. 1890-இல் இதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லூயி மான்ஜேன்.

இதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. மாணவனாக இருந்தபோது பூசணித் தண்டைச் சவர அலகால் மெல்லியதாகச் சீவி, அனிலின் நீலச் சாயத்தில் ஊறவைத்து, இருட்டறையில் புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் மஞ்சள்-பச்சைப் பொட்டுகள் ஒளிர்ந்தன. சல்லடைக்குழாய்களின் குறுக்கே இருக்கும் துளையிட்ட சல்லடைத் தட்டுகளில், துளைகளைச் சுற்றிச் சிறு வளையங்கள்! ஓடிப்போய் ஆசிரியரைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, "வெட்டுவதற்கு முன்னால் தண்டைக் கொதிநீரில் போட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

போடவில்லை. மறுநாள் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிறகு சீவினேன். இன்னொன்றைப் பச்சையாகவே சீவினேன். வெந்ததில் ஒளி மங்கலாக, ஆங்காங்கே மட்டும்தான் இருந்தது. பச்சையாகச் சீவியதில் பொட்டுகள் கொத்துக் கொத்தாக மின்னின. முந்தைய நாள் நான் பார்த்ததில் பெரும்பகுதி, என் அலகு பட்ட சில நிமிடங்களில் அந்தத் தண்டு கட்டிய அடைப்பு. வெட்டியது நான், அதற்கு மறுமொழி சொன்னது செடி. திரும்பவும் சொல்கிறேன், சில நிமிடங்களில். காலோஸைக் கட்டும் நொதி செல்லின் சவ்விலேயே தயாராகக் காத்திருக்கிறது. காயம்பட்டதும் கால்சியம் உள்ளே பாய்கிறது, நொதி விழித்துக்கொள்கிறது. புதிதாக எதையும் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடைத்தது அடைத்தபடியே இருந்தால் செடி பட்டினி கிடக்கும். அதனால் காலோஸைக் கரைக்கும் நொதியும் செடியிடம் உண்டு. குளிர்நாட்டுத் திராட்சைக் கொடிகள் பனிக்காலத்தில் குழாய்களைக் காலோஸால் மூடி வைக்கின்றன, வசந்தம் வந்ததும் கரைத்துத் திறக்கின்றன. தாழ்ப்பாள் போட்டு எடுப்பது போலத்தான்.

பூஞ்சைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருக்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். சாம்பல் நோய்ப் பூஞ்சை துளைக்க முயலும் இடத்திலும் செடி காலோஸைக் குவிக்கிறது. அப்படியானால் காயத்துக்குக் காலோஸ் கட்ட முடியாத செடி எளிதில் நோயில் விழ வேண்டும் அல்லவா? அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அத்தகைய வகையைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் செடி சாம்பல் நோயைச் சாதாரணச் செடியைவிட நன்றாகவே எதிர்த்து நின்றது. காலோஸ் இல்லாத நிலையில் சாலிசிலிக் அமிலம் என்ற வேதிப்பொருள் தூண்டும் அதன் இன்னொரு தற்காப்பு முடுக்கிவிடப்பட்டிருந்தது. 2013-இல் வேறு ஆய்வாளர்கள் அதே அராபிடாப்சிஸ் இனத்தில் காலோஸை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவும் மிகுதியாகவும் குவியச் செய்தார்கள். அப்போதும் பூஞ்சையால் உள்ளே நுழைய முடியவில்லை.

வணக்கம்.