செத்த மாட்டுக்கு யார் பொறுப்பு?

(பெங்களூரு அல்சூரில், தமிழன்பர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

புலிக்கு ஆபத்து என்றதும் நமக்குத் துப்பாக்கியும் தோல் கடத்தலும்தான் நினைவுக்கு வரும். அது பொய்யில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் ஊருக்கே தெரிந்துபோனது. அப்புறம்தான் காவல் இறுகியது. 2006 கணக்கில் நாடு முழுக்க 1,411 புலிகள். 2022 கணக்கில் 3,682. கர்நாடகத்தில் மட்டும் 563. சரி, சந்தோஷம்தான்.

ஆனால் 2025 ஜூனில் மாதேஸ்வரன் மலையில் நடந்ததைப் பாருங்கள். நம் சேலம், ஈரோட்டுக்காரர்கள் நேர்த்திக்கடனுக்குப் போகிற அதே மலை. ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி ஒரு மாட்டை அடித்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில் செத்த மாட்டின் மேலேயே விஷம் வைத்துவிட்டார்கள். அடித்த இரையைப் புலி ஒரே வேளையில் தின்று தீர்க்காது. மறைத்து வைத்துவிட்டு மறுபடி வரும், குட்டிகளையும் கூட்டி வரும். விஷம் வைத்தவருக்கு அது நன்றாகவே தெரியும். இதற்குத் துப்பாக்கி வேண்டாம், கடத்தல் கும்பல் வேண்டாம். பூச்சிமருந்துக் கடையே போதும்.

செய்தது குற்றம், கைதும் செய்தார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பால் கறக்கிற மாடு போன வீட்டை யோசியுங்கள். நஷ்டஈடு உண்டு, ஆனால் சும்மா வராது. வனத்துறை வந்து பார்க்க வேண்டும், புலி அடித்ததுதான் என்று சான்று வேண்டும், போட்டோ, மனு, வங்கிக் கணக்கு... எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனை முறை ரேஞ்சர் ஆபீஸுக்கு நடப்பார்? பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நம் பெங்களூருவில் இயங்கும் வனவிலங்கு ஆய்வு மையம், 2015-இல் 'வைல்ட் சேவே' என்று ஒன்றைத் தொடங்கியது. பந்திப்பூர், நாகரஹொளே புலிக்காடுகளின் ஓரத்துக் கிராமத்தார் இலவச எண்ணுக்குப் போன் அடித்தால், ஆள் நேரில் வந்து போட்டோ எடுத்து, மனுவும் எழுதிக் கொடுக்கிறார். பணம் மட்டும் அரசாங்கம்தான் தர வேண்டும். அங்கே தாமதமானால் இவர்கள் ஓடிய ஓட்டமும் வீண்.

பந்திப்பூர் ரோட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு மூடுகிறார்களே என்று நாம் புலம்புகிறோம். அந்தக் குரலில் கொஞ்சத்தை இந்த நஷ்டஈட்டுக்காக எழுப்புங்கள். உங்கள் எம்.எல்.ஏ. ஓட்டு கேட்டு வரும்போது, மாடு செத்த எத்தனையாவது நாளில் பணம் கைக்கு வருகிறது என்று கேளுங்கள்.