நியூ டீல் அமெரிக்காவை மீட்டதா? எந்தக் கணக்கில்?

வணக்கம் நண்பர்களே. 1930-களின் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்டது அதிபர் ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் திட்டங்களா? இந்தப் பேச்சை எடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். காப்பாற்றியதே அவர்தான் என்பார்கள் சிலர், மந்தத்தை இழுத்தடித்ததே அவர்தான் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு கட்சியும் கையில் புள்ளிவிவரத்தோடுதான் வரும், அதுதான் வேடிக்கை.

1937-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வேலையில்லாதோர் எத்தனை சதவீதம்? ஒரு கணக்கு 14-க்கு மேல் என்கிறது, இன்னொன்று 9 சொச்சம் என்கிறது. ஒரே நாடு, ஒரே ஆண்டு. எப்படி?

நியூ டீலில் சிசிசி (Civilian Conservation Corps) என்று ஒரு வேலைத் திட்டம் இருந்தது. இளைஞர்களை முகாமில் தங்கவைத்து, காடுகளில் மரம் நட, பாதை போட அனுப்பினார்கள். மாதம் 30 டாலர் சம்பளம். அதில் பெரும்பாலும் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். பகல் முழுக்க மண்வெட்டியோடு நிற்கிற அந்தப் பையன் வேலையில் இருக்கிறானா, இல்லையா? பொருளாதார அறிஞர் ஸ்டான்லி லெபர்காட்டின் பட்டியலில் அவன் வேலையில்லாதவன். 1976-ல் இன்னொரு பொருளாதார அறிஞர் மைக்கேல் டார்பி அவனையும், அவனைப் போன்ற நிவாரணப் பணியாளர்கள் எல்லோரையும் வேலையில் இருப்பவர்களாகச் சேர்த்தார். சதவீதம் மளமளவென்று இறங்கிவிட்டது.

லெபர்காட் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. அரசு கைகொடுக்காமல் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று தெரிய அவர் கணக்குதான் வேண்டும். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டால் டார்பியின் கணக்கு. எதைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிப் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

சரி, மீட்சிக்கு வருவோம். என் கணிப்பில் அதிகம் உதவியவை அணையும் பாலமும் அல்ல, வங்கியிலும் தங்கத்திலும் செய்த வேலைகள்தான். 1933 மார்ச் 6-ல் நாடு முழுக்க வங்கிகளை மூடினார்கள். 12-ம் தேதி ஞாயிறு இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார்: மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, மறுபடி திறக்கிற வங்கியில் பணம் பத்திரமாக இருக்கும் என்றார். மறுநாள் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், பணத்தை எடுக்க அல்ல, போட! அப்புறம் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. 1933-ல் சுமார் 4,000 வங்கிகள் முடங்கின. 1934-ல் காப்பீடு பெற்ற வங்கிகளில் விழுந்தவை 9 மட்டும். அந்த ஜனவரியில் அவுன்ஸ் தங்கத்தின் விலையை 20.67 டாலரிலிருந்து 35 ஆக்கினார்கள். வெளிநாட்டுத் தங்கம் உள்ளே வந்து குவிய, அதற்கு ஈடாக டாலர் வெளிவந்து பணப்புழக்கம் கூடியது.

அரசுச் செலவு? விழுந்த பள்ளத்தின் ஆழத்துக்கு அந்தப் பற்றாக்குறை பட்ஜெட்டெல்லாம் சின்னது. பொருளாதார அறிஞர் கேரி பிரவுன் 1956-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: அந்த மருந்து தோற்கவில்லை, கொடுக்கப்படவே இல்லை என்பது அவர் வாதம்.

எதிர்த்தரப்பு சொல்வதில் எனக்குச் சரியாகப் படுவது என்ஆர்ஏ (National Recovery Administration) என்ற நியூ டீல் அமைப்பின் விஷயம். நிறுவனங்கள் ஒன்றுகூடிப் போட்டியைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிக்க அரசே வழி செய்தது. வாங்க ஆளில்லாத காலத்தில் விலையை ஏற்றி என்ன பயன்? 1935-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நல்லதாகப் போயிற்று.

1933 முதல் 1937 வரை உற்பத்தி ஆண்டுக்குச் சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அப்புறம் 1937-ல் செலவைக் குறைத்தார்கள். வங்கிகள் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய கட்டாய இருப்பையும் மத்திய வங்கி படிப்படியாக இரண்டு மடங்காக்கியிருந்தது. பொருளாதாரம் மறுபடி குப்புற விழுந்தது. திட்டங்கள் உதவியதற்கு இதுதான் சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் செலவுக் குறைப்பும் இருப்பு உயர்வும் சேர்ந்தே நடந்ததால் எதன்மேல் எவ்வளவு பழி போடுவது என்பதில் இழுபறி. 1938 ஏப்ரலில் செலவையும் கூட்டினார்கள், இருப்பு விதியையும் தளர்த்தினார்கள். ஜூனில் சரிவு நின்றது. அதையும் ஒரே மாதத்தில் செய்து தொலைத்தார்கள், பிரித்துப் பார்க்க விடாமல்.