உங்கள் ஒலிபரப்பு எங்கள் ஊரில் கேட்டது

வணக்கம். சிறுவர்கள் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி உலகத்தைத் தெரிந்துகொள்வது பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, பேனா நண்பர்களைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதில் எனக்கு அனுபவம் கிடையாது. சின்ன வயதில் நான் எழுதியதெல்லாம் வானொலி நிலையங்களுக்குத்தான். வானொலியில் வந்து உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

எண்பதுகளில் வீட்டில் சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், எடுக்கும் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தால் போதும். மாலையில் முள்ளை மெல்லத் திருப்பினால் பெய்ஜிங், மாஸ்கோ, லண்டன், மணிலா எல்லாம் தமிழிலேயே பேசும். பெய்ஜிங் தமிழில் பேச ஆரம்பித்தது 1963 ஆகஸ்ட் 1ஆம் தேதி, எல்லையில் நமக்கும் அவர்களுக்கும் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். லண்டன் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு அதைவிடப் பழையது, 1941. எல்லாரும் நிகழ்ச்சி முடிவில் முகவரியைச் சொல்லி எழுதுங்கள் எழுதுங்கள் என்பார்கள், நாங்களும் எழுதினோம்.

முதல் கடிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். "உங்கள் நிகழ்ச்சிகள் மிக மிக அருமை, தயவுசெய்து காலண்டர் அனுப்பவும்." காலண்டரும் வரும், பொய் சொல்லக் கூடாது, கூடவே ஒரு கொடி, இரண்டு ஸ்டிக்கர், வழவழ தாளில் ஒரு புத்தகம் எல்லாம் வரும். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் தேடுவது கியூஎஸ்எல் அட்டையை. அஞ்சலட்டை அளவில் முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த அலைவரிசையில் எங்கள் ஒலிபரப்பை நீங்கள் கேட்டது உண்மைதான்" என்று நிலையமே எழுதிக் கொடுக்கும் சான்று. அதை வாங்க அருமை, பிரமாதம் என்று எழுதினால் நடக்காது. எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த நிமிடத்தில் என்ன பேசினார்கள், என்ன பாட்டுப் போட்டார்கள், உன் ரேடியோ என்ன, ஏரியல் என்ன (எங்கள் வீட்டில் தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி) என்று எழுத வேண்டும். அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நேரம் எழுதுவதிலேயே பாதி பூகோளம் வந்துவிடும். மாலை 7.30க்குக் கேட்டேன் என்றால் யாருடைய மாலை? எல்லா நாட்டு நிலையங்களுக்கும் பொதுவான கிரீன்விச் நேரத்துக்கு மாற்ற வேண்டும், ஐந்தரை மணியைக் கழித்தால் 14.00. சரி, விடிகாலை 4 மணிக்கு எழுந்து கேட்டால்? 22.30, அதுவும் முந்தைய நாள் தேதி போட்டு. தூங்கி எழுந்த நமக்குச் செவ்வாய்க்கிழமை, கடிதத்தில் திங்கட்கிழமை. பூமி சுற்றுகிறது என்று ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். பகலில் 19 மீட்டர் அலைநீளத்தில் கேட்ட நிலையம் ராத்திரி 31 மீட்டருக்கோ 49 மீட்டருக்கோ இறங்கிவிடும், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அட்டவணையே மாறும். ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால் சிற்றலையை மேலேயிருந்து பூமிக்கே திருப்பி அனுப்பும் அயனமண்டலம், சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தோன்றுவது சின்போ, அதாவது ஒலிபரப்பு எப்படிக் கேட்டது என்று மார்க் போடும் முறை. ஐந்து எண்கள். ஒலி எவ்வளவு வலுவாக இருக்கிறது, பக்கத்து நிலையம் எவ்வளவு குறுக்கிடுகிறது, இரைச்சல் எவ்வளவு, அலை எவ்வளவு ஏறி இறங்குகிறது, மொத்தத்தில் கேட்க எப்படி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். 5 என்றால் குறையே இல்லை, 1 என்றால் ஒன்றுமே தேறாது. நம் பிள்ளைகள் மரியாதைக்காக 55555 என்று போட்டுவிடுவார்கள். நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கடிதம் எல்லாம் மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்துக் கீழ்ப்படிந்துள்ள மாணவன் என்று முடியும், நடுவில் பணிவாக ஒரு விடுப்பு கேட்கலாம், அவ்வளவுதான். பெரியவர்களிடம் போய் உங்கள் குரல் சரியாக விழவில்லை என்று சொல்லும் கடிதத்தை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? இங்கே அதைத்தான் கேட்டார்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தன் அலை தென்தமிழ்நாட்டில் எப்படி விழுகிறது என்று தெரியாது, அதைச் சொல்லக்கூடிய ஆள் அங்கே டிரான்சிஸ்டரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையன்தான். 32322 என்று போட்டு, பின்னால் இன்னொரு நிலையம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது என்று நான் எழுதிய கடிதத்துக்கு, தகவலுக்கு நன்றி, அடுத்த பருவத்துக்கான திட்டத்தில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. பன்னிரண்டு வயதில் அது சின்ன விஷயமா?

செலவு என்று ஒன்று இருந்தது. ஏரோகிராம், அதாவது எழுதி மடித்து ஒட்டி அனுப்பும் விமானத் தபால் தாள், மலிவு, ஆனால் உள்ளே எதையும் வைக்கக் கூடாது. உறை என்றால் தபால் ஆபீஸ் தராசில் ஏற வேண்டும், கொஞ்சம் கூடினால் இன்னொரு ஸ்டாம்ப், ஒட்ட இடமில்லாமல் பின்பக்கமும் ஒட்டுவோம். சின்ன நிலையங்களுக்குப் பதில் தபால் செலவையும் நாமே அனுப்புவது மரியாதை. நம் ஸ்டாம்ப் அங்கே செல்லாதே, அதற்குத்தான் சர்வதேச மறுமொழிக் கூப்பன், அவர்கள் ஊர்த் தபால் ஆபீஸில் கொடுத்து அந்த நாட்டு ஸ்டாம்ப்பாக மாற்றிக்கொள்ளலாம். 1906இல் ரோமில் கூடிய அஞ்சல் மாநாட்டில் முடிவு செய்தது. 1920இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்பவர் இந்தக் கூப்பனை நாட்டுக்கு நாடு மாற்றி லாபம் பார்ப்பதாகச் சொல்லித்தான் ஊரார் பணத்தைச் சுருட்டினார், புதிதாகப் பணம் போடுபவரிடம் வாங்கிப் பழையவருக்கு லாபம் என்று கொடுக்கும் மோசடிக்கு இன்றுவரை அவர் பெயர்தான். எங்களுக்கு ஒரு கூப்பன் வாங்கவே காசு தேற்ற வேண்டியிருந்தது.

வந்த பதில்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது. கொலோனிலிருந்து மேற்கு ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லே எழுதும், பெர்லினிலிருந்து கிழக்கு ஜெர்மனியின் ரேடியோ பெர்லின் இன்டர்நேஷனல் எழுதும். இரண்டு உறையிலும் அழகான ஊர், சிரித்த முகம். ஒருவர் அனுப்பிய புத்தகத்தைப் படித்தால் இன்னொரு நாட்டில் எல்லாரும் கஷ்டப்படுவது போல இருக்கும். இரண்டையும் ஒரே தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்த எனக்கு, எந்த நாட்டுக் காகிதத்தையும் அப்படியே நம்பும் பழக்கம் அங்கேயே போய்விட்டது. சிற்றலை கேட்டு வளர்ந்த பலரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். 1990 அக்டோபர் 2ஆம் தேதி, இரண்டு ஜெர்மனியும் ஒன்றாவதற்கு முந்தைய நாள், பெர்லின் நிலையம் மூடப்பட்டது, அதன் அலைவரிசைகள் டாய்ச்ச வெல்லேக்குப் போயின.

அதே டாய்ச்ச வெல்லேயின் அட்டை ஒன்றில் ஒலிபரப்பிய இடம் என்ற கட்டத்தில் திருகோணமலை என்று இருந்தது. ஜெர்மனியிலிருந்து வரும் நிகழ்ச்சியை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம் ஒன்றை ஜெர்மனிக்காரர்கள் அங்கே வைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டி வந்த குரல் என்று நினைத்துப் பூரித்தது, பாக் நீரிணையை மட்டும் தாண்டி வந்திருக்கிறது! அப்புறம் ஒவ்வொரு நிலையத்துக்கும் குரல் எங்கிருந்து புறப்படுகிறது, அலை எங்கிருந்து புறப்படுகிறது என்று தனித்தனியாகக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

இப்போது அந்த நிலையங்களில் பல இல்லை. பிபிசி தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆசை இருந்தால் ருமேனியா, தைவான், தென்கொரியா நாட்டு வானொலிகள் இருக்கின்றன, அறிக்கை எழுதுவது அதே முறைதான், மின்னஞ்சலிலும் அனுப்பலாம். வானொலியில் பிடிப்பு இல்லையென்றால் 2005இல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங் இருக்கிறது, நீங்கள் முன்பின் தெரியாத ஒருவருக்கு அஞ்சலட்டை போட்டால் வேறொரு நாட்டிலிருந்து வேறொருவர் உங்களுக்குப் போடுவார். சிறு பிள்ளையைத் தனியாக விடாமல் பெரியவர்கள் தங்கள் பெயரில் பதிந்துகொண்டு கூட உட்கார்ந்து எழுத வையுங்கள். 9 முதல் 15 வயதுக்காரர்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் 1971இலிருந்து கடிதப் போட்டி நடத்துகிறது, பள்ளி ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அஞ்சல் துறையில் விசாரித்துப் பாருங்கள். பரிசுக்காகப் பிள்ளையின் கடிதத்தை நீங்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அந்தப் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. வாய்ப்புக் கொடுத்த நிலையத்துக்கு நன்றி, வணக்கம்.