விண்டோஸும் மின்ட்டும் ஒரே மெஷின்ல: ரீஃபைண்ட் போடுறது எப்படி?

வணக்கம் மக்களே. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு. அதே மெஷின்ல லினக்ஸ் மின்ட்டும் போட்டிருக்கீங்களா? ஆன் பண்ணதும் ரெண்டுல எது வேணும்னு ஐகான் காட்டிக் கேக்கணும்னா, ரீஃபைண்ட்ங்கிற பூட் மெனு புரோகிராமைப் போடுங்க. ராடரிக் ஸ்மித் எழுதினது, காசு கிடையாது.

இது யூ.ஈ.எஃப்.ஐ. மெஷினுக்குத்தான், அதாவது பழைய பயோஸுக்குப் பதிலா வந்த புது முறையில பூட் ஆகுற மெஷினுக்கு. பர்மா பஜார்ல வாங்கின பழைய லேப்டாப்னா, விண்டோஸ் ரன்ல எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சு, பயோஸ் மோடுங்கிற வரியைப் பாருங்க. லெகசின்னு இருந்தா இது வேலைக்கு ஆகாது.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்க ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க. பூட் ஆகுற வழி மாறினா விண்டோஸ் அந்தக் கீயைக் கேக்கும். விண்டோஸை முழுசா அணைக்காம வைக்கிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் பண்ணிடுங்க. அடிக்கடி கரண்ட் போற ஏரியான்னா சார்ஜ் ஃபுல்லா இருக்கட்டும். நாம எழுதப் போறது ஃபேட்32 பார்ட்டிஷன்ல, பாதியில நின்னா ஃபைல் கெட்டுடும்.

இப்போ மின்ட்டுக்குள்ள போய் டெர்மினல் திறங்க. இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லயே ஓடுற லைவ் மின்ட்ல இருந்து போடாதீங்க. லைவோட கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) ஆப்ஷன் பதிவாகி, அப்புறம் மின்ட் ஏறாமலே நிக்கலாம். சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ரீஃபைண்ட் அடிங்க, ஈ.எஸ்.பி.ல, அதாவது பூட் ஃபைல் இருக்க அந்த ஃபேட்32 பார்ட்டிஷன்ல தானா போடட்டுமான்னு கேட்டா எஸ் கொடுங்க. சில எம்.பி.தான் பிடிக்கும். மின்ட்டோட சொந்த பூட் லோடரான க்ரப்பை மட்டும் தயவுசெஞ்சு அழிக்காதீங்க. ரீஃபைண்ட் சொதப்பினா பூட் மெனுவுல உபுன்டுன்னு இருக்கிறதுதான் உங்களைக் காப்பாத்தும். மின்ட்டும் அந்தப் பேர்லதான் நிக்கும், பயப்படாதீங்க.

நம்பகமான கையெழுத்து இல்லாத பூட் ஃபைலைத் தடுக்கிற செக்யூர் பூட் ஆன்ல இருந்தா இன்னும் ஒரு வேலை இருக்கு, பலர் மாட்டுறது இங்கதான். கமாண்ட் இப்படி இருக்கும்: ரீஃபைண்ட்-இன்ஸ்டால், கூட ஷிம் (செக்யூர் பூட் ஏத்துக்கிற சின்ன பூட் ஃபைல்) இருக்கிற பாதை, கடைசியில லோக்கல்கீஸ். ரீபூட் ஆனதும் வெரிஃபிகேஷன் ஃபெயில்டுன்னு வரும், அது கோளாறு இல்ல. ஓகே கொடுங்க. அடுத்து நீலத் திரை வரும், உடனே ஏதாவது கீயைத் தட்டுங்க. விட்டா நேரம் முடிஞ்சு போயிடும். என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க், ஈ.எஃப்.ஐ., ரீஃபைண்ட், கீஸ், அதுக்குள்ள ரீஃபைண்ட்_லோக்கல்.சிஈஆர். கன்டின்யூ, எஸ், ரீபூட்.

மெனுவுல மின்ட் ரெண்டு தடவை தெரியும். ஒண்ணு க்ரப் வழியா, இன்னொண்ணு நேரா கர்னல். ஒண்ணு வேணாம்னா அது மேல நின்னு டிலீட் கீ அடிங்க, மறைஞ்சிடும், ஃபைல் அழியாது. காத்திருக்கிற நேரம் 20 செகண்ட். ரீஃபைண்ட்.கான்ஃப் ஃபைல்ல டைம்அவுட்டை 5 ஆக்கலாம். 0 போட்டா நீங்க தேர்வு பண்ற வரைக்கும் நிக்கும்.

சில விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் நேரா விண்டோஸே ஏறும். பூட் ஆர்டர் மாறியிருக்கும், அவ்வளவுதான். எஃப்2 இல்ல எஃப்10 அமுக்கி பயோஸ்ல ரீஃபைண்டை மேல ஏத்துங்க. மின்ட்ல ஈ.எஃப்.ஐ.பூட்எம்ஜிஆர் கமாண்ட்லயும் செய்யலாம். அப்புறமும் கரண்ட் போய் வந்தா ஆர்டர் மாறுதுன்னா, கடிகாரம் பின்னாடி போயிருக்கான்னு பாருங்க. போயிருந்தா போர்டுல இருக்க சிஆர்2032 பேட்டரி செத்துடுச்சு. அதை மாத்திட்டு ஆர்டரை ஒரு தடவை திரும்பப் போடுங்க.