சாவி நுழைகிறது, பூட்டு திறக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கேமிங் கணினி கட்டுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாகக் கணினிகளைக் கழற்றிப் பூட்டி வருபவன் நான். விளையாடத் தெரியாது. விளையாடுகிற பிள்ளைகள் ஆசையாக வாங்கிவரும் பாகங்கள் ஒன்றோடொன்று ஏன் சேரவில்லை என்று சொல்லத் தெரியும்.

போன கோடையில் உசிலம்பட்டியிலிருந்து அக்காள் மகன் வந்திருந்தான். அவனிடம் ஒரு பழைய எச்110 மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் மாட்டும் தாய்ப்பலகை, இருந்தது. அதற்குக் கணினியின் மூளையான புராசசர் வேகமானதாக வேண்டும் என்று பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து, இன்டெல் ஐ5 8400 ஒன்றைச் செகண்ட் ஹேண்டாக வாங்கிவந்தான். "மாமா, போர்டும் 1151 சாக்கெட், இதுவும் 1151. கேட்டுத்தான் வாங்கினேன்" என்றான். சாக்கெட் என்பது போர்டில் புராசசர் உட்காரும் இடம். அவன் சொன்னது பொய்யில்லை. புராசசர் கச்சிதமாக உட்கார்ந்தது, கம்பியும் மூடிக்கொண்டது. சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே நிற்கிறது. தற்காலிக நினைவகமான ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். வேறு மானிட்டரையும் வைத்துப் பார்த்தோம். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் இதுதான். எச்110 மதர்போர்டு இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் புராசசர்களுக்கானது. 8400 எட்டாம் தலைமுறை. சாக்கெட்டில் கால்களின் எண்ணிக்கை அதே 1151. ஆனால் எந்தக் கால் எதற்கு என்ற பங்கீட்டை எட்டாம் தலைமுறையில் மாற்றிவிட்டார்கள். அதற்கு 300 வரிசை மதர்போர்டு வேண்டும். திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். பக்கத்து வீட்டுச் சாவியும் துளைக்குள் போகும், திரும்பாது.

எனக்கு ராமைப் பிடிக்கும். அதன் தலைமுறைகளான டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 கால்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். தவறானதை அழுத்தினாலும் உள்ளே போகாது. முகத்துக்கு நேரே மறுத்துவிடும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் என்றால் டி.டி.ஆர்.4, 2022இல் வந்த ஏ.எம்.5 என்றால் டி.டி.ஆர்.5 மட்டும். இன்டெலின் 1700 சாக்கெட்டில் இரண்டு வகை மதர்போர்டும் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மறுக்காமல் வாங்கிக்கொண்டு பிறகு சண்டித்தனம் செய்பவைதான் தொல்லை. ஏ.எம்.டி. புராசசர்களுக்கான பி450 மதர்போர்டு 2018இல் வந்தது, அந்த நிறுவனத்தின் ரைசன் 5 5600 புராசசர் 2022இல் வந்தது. இரண்டும் சேரும், ஆனால் போர்டில் பழைய பயாஸ் (கணினியை எழுப்பிவிடும் மென்பொருள்) இருந்தால் அதற்கு இந்தப் புராசசர் யாரென்றே தெரியாது. மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில், எந்தப் புராசசருக்கு எந்தப் பதிப்பு பயாஸ் என்று பட்டியலே இருக்கிறது. அதைப் பார்த்து, வாங்கும் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தயங்காமல் செய்துகொடுப்பார்கள்.

அதே ரைசன் 5 5600க்குள் கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, கிடையாது. 5600ஜி-யில் உண்டு. இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் இல்லை. அந்த வேலையைச் செய்யும் கிராபிக்ஸ் கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று இவற்றை வாங்கினால் ஒரு மாதம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் அடக்கும் பெட்டியான கேபினட்டில் மறக்காமல் பார்க்க வேண்டியவை இரண்டு அளவுகள்: கிராபிக்ஸ் கார்டின் நீளம், புராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம். இரண்டும் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். மதுரை வெயிலுக்கு முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேபினட் ஆகாது. சல்லடை முகப்பு வாங்கினால் தூசி துடைக்கும் வேலை கூடும்; கூடட்டும்.

இனி எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பிள்ளைகள் கார்டுக்கு முப்பதாயிரம் கொடுப்பார்கள், இதற்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் மனது வராது. ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு 115 வாட் இழுக்கும். கார்டைச் செருகும் மதர்போர்டுத் துளை வழியாகக் கிடைப்பது 75 வாட்தான், மீதியை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் எட்டுக்கால் இணைப்பு தர வேண்டும். அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வையுங்கள் என்பது தயாரித்தவர்களின் பரிந்துரை. மற்ற பாகங்களும் அதிலிருந்துதான் குடிக்கின்றன. போதாததற்கு, கார்டு கண நேரத்துக்குத் திடீரென்று கூடுதலாக இழுக்கும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியைச் சல்லிசாக வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள், எட்டுக்கால் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் இருக்காது. சிலவற்றில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே தனி வடிவமாக இருக்கும். வெளியில் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். சேராது.

இவ்வளவு சொல்கிற நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபிள்களைக் கழற்றி மாட்டும்படி வரும் எஸ்.எம்.பி.எஸ். வகை ஒன்று உண்டு, மாடுலர் என்பார்கள். ஓர் ஐப்பசி இடிமழையில் என் வீட்டுக் கணினியில் இருந்தது போய்விட்டது. வேறு நிறுவனத்தின் புதியதை வாங்கிவந்தேன். உள்ளே அழகாகக் கட்டி ஓடவிட்டிருந்த பழைய கேபிள்களைப் பிரிக்கச் சோம்பல். அவற்றையே புதியதில் செருகினேன். 'டக்' என்று நன்றாகவே மாட்டிக்கொண்டது. கேபிளின் ஹார்ட் டிஸ்க் முனைக்கு உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கு. எஸ்.எம்.பி.எஸ். முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனது. ஒரு நொடி, கருகிய ரப்பர் வாசனை. அக்காள் மகளின் சடங்குப் புகைப்படங்கள் அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. இதே பையனின் தங்கை அவள். அக்காள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மிச்சக் கேபிள்களும் தனித்தனி மஞ்சள் பையில். பையின் மேல் மாடல் பெயரை மார்க்கரில் எழுதிவிடுவேன். அக்காள் மகன் பிறகு ஒரு 300 வரிசை மதர்போர்டைத் தேடிப் பிடித்தான். பழைய ராம் அதற்கே போதுமாயிற்று. அவனுடைய பையும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மாடல் பெயருக்குக் கீழே, "மாமா, இதைத் தொடாதீர்கள்" என்று எழுதி வைத்திருக்கிறான்.

வணக்கம்.