ஒரு துளிக்குள் ஒளி

நேயர்களுக்கு வணக்கம். ஒரு திரவத்தில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று அறிய ஆய்வகங்களில் நிறமாலைமானி இருக்கிறது. மாதிரியின் ஊடே ஒளியைச் செலுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைகிறது என்று அது சொல்லும். வழக்கமான குவெட்டில், அதாவது மாதிரியை ஊற்றும் சிறு சதுரக் குப்பியில், ஒளி 10 மில்லிமீட்டர் திரவத்தைக் கடக்கும். அதை நிரப்ப ஏறக்குறைய 3 மில்லிலிட்டர் வேண்டும். பாடுபட்டுப் பிரித்தெடுத்த டி.என்.ஏ. மொத்தமே 30 மைக்ரோலிட்டர்தான் என்றால்?

அதில் ஒரே ஒரு மைக்ரோலிட்டர் போதும். கீழே ஒரு ஒளியிழை முனை, மேலே ஒன்று. கீழ்முனையில் துளியை வைத்து, மேல்முனையை அதில் படும்வரை இறக்கி, சற்றே உயர்த்தினால் துளி அறுந்துவிடாமல் குட்டித் தூணாக நீள்கிறது. சுவரே இல்லை, பரப்பு இழுவிசைதான் பிடித்து நிற்கிறது.

இப்படியொரு கருவியை வடிவமைக்கும்போது பேச்சு முதலில் விளக்குக்கும் உணரிக்கும்தான் போகும். அவையும் வேண்டியவைதான். டி.என்.ஏ. 260 நானோமீட்டரிலும் புரதம் 280லும் ஒளியை உட்கவர்வதால், அந்தப் புற ஊதா ஒளியைத் தரும் செனான் பளிச்சொளி விளக்கு போன்ற ஒன்று வேண்டும். சாதாரணக் கண்ணாடி அந்தப் புற ஊதாவைத் தடுக்கும், குவார்ட்ஸ்தான் சரி. ஆனால் கருவியை நம்பலாமா கூடாதா என்பதை முடிவுசெய்வது அந்த இரு முனைகளின் இடைவெளி என்பேன்.

பீர்-லாம்பெர்ட் விதிப்படி, உட்கவர்திறன் (மாதிரி ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்பதன் அளவு) ஒளி கடக்கும் தூரத்துக்கு நேர்விகிதம். 10 மில்லிமீட்டர் குவெட்டில் 0.01 மில்லிமீட்டர் பிசகினால் பிழை 0.1 சதவீதம். 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் அதே பிசகு 5 சதவீதம்! முனையில் ஒட்டிய தூசியும், திருகில் இருக்கும் ஆட்டமும் விடையில் வந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. ஒரே துளியை இரண்டு இடைவெளிகளில் அளந்து, உட்கவர்திறன்களின் வித்தியாசத்தைத் தூரங்களின் வித்தியாசத்தால் வகுத்துவிடுங்கள். இடைவெளியின் தொடக்கப் புள்ளி எங்கே என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, மோட்டார் எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்தால் போதும். மாறாத பிழை கழித்தலில் போய்விடும். அதனால் விலையுயர்ந்த உணரியைவிட நல்ல நகர்த்தும் பொறியில்தான் நான் முதலில் கவனம் வைப்பேன்.

துளிக்கும் தன் குணம் உண்டு. புரதம் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் தூண் எளிதில் அறுந்துவிடும். அத்தகைய மாதிரிக்கு 2 மைக்ரோலிட்டராக வையுங்கள். வைத்தவுடனே அளந்துவிடுங்கள்: இவ்வளவு சிறிய துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகும், செறிவு தானாக ஏறிக் காட்டும். வணக்கம்.